கன்னம் ஒட்டிய டேங்க்

மத்தியானத் தூக்கத்தில் டிரைவர் "பச்சை" என்றார்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தார். கண் மூடித்தான் இருந்தது. காது மட்டும் பதிலுக்காக விழித்திருந்தது. ரயில் எஞ்சினில் அதுதான் வழக்கம். சிக்னலைப் பார்த்தவர் அதன் நிறத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கிற உதவி டிரைவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு வாய் சொன்னால்தான் அது பச்சை. ஒரு வாய் மட்டும் சொன்னால் அது வெறும் ஆசை.

ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தபிறகு பக்கத்து இருக்கையில் யாரும் இல்லை. பக்கத்தில் படுத்திருந்தவள் அவர் மனைவி.

"பச்சை," என்றார் மறுபடியும், கொஞ்சம் கவலையோடு.

"தூங்குங்க. வண்டி ஸ்டேஷன்லயே நிக்கட்டும்," என்றாள் அவள்.

அவர் முகம் சுருங்கியது. கனவில் ஏதோ ஒரு வண்டி மெல்ல வேகம் குறைந்து, வயல்வெளியில், எந்தக் காரணமும் இல்லாமல் நின்றுபோயிருக்க வேண்டும். தினமும் அப்படித்தான் நின்றது. எழுந்து உட்கார்ந்ததும் அன்று முழுக்கப் பேச மாட்டார். தட்டில் வைத்ததில் பாதி அப்படியே இருக்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து, போகிற ரயிலையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. ஓய்வு பெற்ற புதிதில் ஒருநாள் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர், போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். மத்தியானம் வரவில்லை. சாயங்காலம், கால்சட்டை முழுக்க முள் ஒட்டிக்கொண்டு, சிரித்த முகத்தோடு வந்தார்.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க? எனக்கு உயிரே இல்லை!"

"அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போனேன். எத்தனையோ வருஷம் அதைத் தாண்டிப் போயிருக்கேன், என் வண்டி அங்க நிக்காது. இறங்கிப் பார்த்ததே இல்லை. ஒரு மரம் இருக்கு தெரியுமா?"

"மரத்தைப் பார்க்கவா போனீங்க!"

அன்றிலிருந்து அவள் அவரைத் தனியாக விடுவதில்லை. முடிவெட்டப் போனால் கடை பெஞ்சில் அவளும் உட்கார்ந்திருப்பாள். வாசலுக்குப் போனால் ஜன்னலுக்கு வருவாள்.

"என்னை என்ன லக்கேஜ்னு நினைச்சியா?" என்று கேட்டார் ஒருநாள்.

"லக்கேஜா இருந்தா பரவாயில்லையே. வெச்ச இடத்துல இருக்கும்."

அவர் சிரித்தார். வெகுநாளைக்கு அதுதான் கடைசிச் சிரிப்பு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டே வந்தார். அவள் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். விடவும் பயமாக இருந்தது, வைத்திருக்கவும் பயமாக இருந்தது.

இந்த நிலையில்தான் அந்தப் புல்வெட்டி வண்டி வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தது அவள் தம்பி. ரேடியோ, டிவி பழுதுபார்க்கிறவன். ஊரில் எல்லோரும் அவனை ரேடியோ என்றே கூப்பிடுவார்கள். தொழிலுக்காக வந்த பெயர் இல்லை, வாய் ஓயாததற்காக வந்த பெயர். மூடிப்போன ஒரு விடுதியின் பின்புறம், ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி வண்டி ஒன்று விலைக்கு இருக்கிறது என்று மாமாவின் காதில் போட்டவனும் அவன்தான். இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார்கள். சிவப்பாக இருந்து ரோஸாகிப்போன வண்டி. சீட்டில் தையல் விட்டிருந்தது. உட்கார்ந்ததும் டிரைவரின் முதுகு தானாக நிமிர்ந்தது.

"மாமா, எல்லாம் சரி, இதுக்குத் தண்டவாளம் எங்கே?" என்றான் ரேடியோ.

"ஸ்டீரிங் இருக்குடா மச்சான்."

"ஸ்டீரிங்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு? வாழ்க்கையில ஒரு வளைவு நீங்க திருப்பினதுண்டா? தண்டவாளம் திருப்பிச்சு, நீங்க சும்மா உட்கார்ந்திருந்தீங்க."

"உட்கார்ந்து பாரு, அப்பத் தெரியும் சும்மாவா சும்மா இல்லையான்னு."

"அக்கா, மாமா பேசறாரு! கேட்டியா, முழுசா ஒரு வாக்கியம்!"

அவள் கேட்டாள். கைத் துணியால் சீட்டைத் துடைப்பதுபோல் அவர் பக்கத்திலேயே நின்றாள்.

வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை. பாதைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு விளையாட்டு மைதானம். அதில் முழங்கால் உயரத்துக்குப் புல். அங்கே பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிற பயிற்சியாளருக்கு விசில் என்று பெயர். கழுத்தில் விசில் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. துக்க வீட்டுக்குப் போனபோதும் அது தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒரு போட்டி. மைதானத்தில் புல் வெட்டுகிற வேலையை நகரத்துக் கம்பெனி ஒன்றிடம் ஒப்படைத்துவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"டிரைவர் சார், உங்களுக்குக் கொடுக்கணும்னு எனக்கு ஆசைதான்," என்றாள் விசில், வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு. "சனிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள மைதானம் முழுக்க வெட்டிக் காட்டுங்க. அப்புறம் வருஷம் பூரா இது உங்க மைதானம். ஆனா நடுவுல வண்டி மக்கர் பண்ணிச்சுன்னா, கமிட்டிக்கிட்ட நான் வாயைத் திறக்க முடியாது."

"நிக்காது," என்றார் டிரைவர்.

"கமிட்டி மட்டும் இல்லை, நானும் ஒண்ணு சொல்லணும்," என்றாள் மனைவி. "சமையலறை ஜன்னல்லேர்ந்து தெரியிற வரைக்கும்தான் இவர் வெட்டுவார். அந்தக் கோடியில மரங்களுக்குப் பின்னால ஒரு துண்டு இருக்கே, அது தெரியாது. அதை என் தம்பி வெட்டட்டும்."

டிரைவர் மரங்களைப் பார்த்தார்.

அன்றே பெட்ரோல் ஊற்றினார்கள். ஊற்றிய பெட்ரோல் தரையில் நின்றது.

டேங்க் சீட்டுக்குப் பின்னால், மட்கார்டுக்கு அடியில் இருந்தது. பால் நிறத்துப் பிளாஸ்டிக். மேலே கறுப்பு மூடி. அடிப்பக்கத்து மூலையில், குழாய் மாட்டுகிற மூக்குக்குப் பக்கத்தில், தலைமுடி அகலத்தில் ஒரு விரிசல். அதிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் மண்ணை அள்ளிப் போட்டாள். வீடு முழுக்கப் பெட்ரோல் வாசனை அடித்தது.

"இவ்வளவுதானா? ஒரு பொட்டுப் பசை," என்றான் ரேடியோ.

கடையிலிருந்து கறுப்புப் பசை கொண்டுவந்து தடவினான். காய்ந்ததும் நகத்தால் தொட்டான். வெயிலில் உரிந்த தோல்போல் முழுசாகக் கையோடு வந்தது. சுரண்டிவிட்டு மறுபடியும் தடவினான். மறுபடியும் வந்தது.

"இந்தப் பிளாஸ்டிக் எதோடயும் ஒட்டாது மாமா. மெழுகு மாதிரி. தன்னோட சொந்த இனத்தோட மட்டும்தான் சேரும். உருக்கித்தான் ஒட்டணும்."

"சொந்தத்தை எங்க தேடறது?"

டேங்கின் அடியில் ஒரு சிறு முக்கோணமும் அதற்குள் ஒரு எண்ணும் அச்சாகியிருந்தன. அதே எண் உள்ள பிளாஸ்டிக் வேண்டும் என்றான் ரேடியோ. அவ்வளவுதான். அவள் கடைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் வீட்டில் இருந்த அத்தனை பாட்டிலும் தலைகீழாகக் கிடந்தன.

"தலைக்குத் தேய்க்கிறது எங்கே?"

"கிண்ணத்துல இருக்கு," என்றார் டிரைவர்.

"துணி துவைக்கிற சோப்புத் தண்ணி?"

"டம்ளர்ல."

"எந்த டம்ளர்? ஐயோ, குடிக்கிற டம்ளரா! ஒருநாள் நான் வெளிய போனா வீடே நுரை தள்ளும்போல."

ரேடியோ ஒரு தடித்த வெள்ளைப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தான். துணி சோப்புத் தண்ணீர் இருந்த பாட்டில். அடியில் அதே முக்கோணம், அதே எண். "அக்கா, இதோ டேங்கோட சம்பந்தி," என்றான். அவள் பாட்டிலைப் பார்த்துவிட்டு, டம்ளரைப் பார்த்துவிட்டு, சிரித்துவிட்டாள். வெகுநாள் கழித்து அந்த வீட்டுக்குள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள்.

பெட்ரோல் டேங்க் பக்கத்தில் சூட்டைக் கொண்டுபோக அவள் விடவில்லை. "முதல்ல அதைக் குளிப்பாட்டுங்க," என்றாள். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டினார்கள், வாசனை போகிறவரை கொட்டினார்கள். வெயிலில் வாய் திறந்து கிடந்தது டேங்க். அடுத்த நாள் அவளே மூக்கை உள்ளே விட்டுப் பார்த்து, சரி என்றாள். அப்போதும் ரேடியோ அதை விரிசல் மேலே வருவதுபோலச் சாய்த்து வைத்து, விரிசலுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர் நிரப்பினான். ஆவி தங்க உள்ளே இடம் இருக்கக் கூடாதாம்.

ஜன்னல்களைத் திறந்துவைத்து வேலை ஆரம்பித்தது. விரிசலின் இரண்டு முனையிலும் ஊசியளவு துளை போட்டான், இதற்கு மேல் ஓடாதே என்று சொல்வதுபோல. டிவிக்குள் ஒயர் பற்றவைக்கிற சூட்டுக்கோலின் நுனி தொட்டதும் பிளாஸ்டிக் கலங்கி, பளபளத்து, தேன் மாதிரி இளகியது. பழைய டீ வடிகட்டியின் வலையிலிருந்து ஒரு துண்டு வெட்டி அதன்மேல் வைத்து அழுத்தினான். வலை உள்ளே மூழ்கியது. சோப்புப் பாட்டிலிலிருந்து நறுக்கிய நாடாவை டிரைவர் நீட்டிக்கொண்டிருக்க, அதை உருக்கி உருக்கி மேலே பூசினான்.

"கருக விடாதே," என்றார் டிரைவர்.

"நீங்க நாடாவை மட்டும் நீட்டுங்க மாமா."

"புகை வருது பாரு."

"மாமா, ரயில்ல புகை வந்தப்ப நான் வந்து ஏதாவது சொன்னேனா?"

அவள் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அணைந்த மெழுகுவத்தி வாசனை. ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் தரையில் நீண்டு படுத்திருந்தது. இரண்டு ஆண்களும் குனிந்து, ஒரு குழந்தையின் காலில் முள் எடுப்பதுபோல அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். தூரத்தில் ஒரு ரயில் போயிற்று. டிரைவர் தலையைத் தூக்கவில்லை. அதை அவள் கவனித்தாள்.

ஆறிய பிறகு சோதனை. துணி அலசுகிற பெரிய தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சைக்கிள் டியூப்பை அமுக்குவதுபோல டேங்கை அமுக்கிப் பார்ப்பது.

"குமிழி வரக் கூடாது," என்றார் டிரைவர், டேங்கின் மூக்கைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு. "எங்க எஞ்சின் ஷெட்டுல ஒரு சட்டம். ஒரு குமிழி வந்தாலும் வண்டி வெளிய போகாது. திரும்பவும் முதல்லேர்ந்து."

"இந்தப் பக்கம் இல்லை," என்றான் ரேடியோ. ஒட்டுப்போட்ட மூலை அவன் பக்கம் இருந்தது. "இல்லவே இல்லை! கல்லு மாதிரி நிக்குது பாருங்க!"

"என் பக்கமும் இல்லை. உன் பக்கம்?"

மூடி அவள் பக்கம் இருந்தது. அதன் நடுவிலிருந்து, கடுகைவிடச் சின்னதாக, குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்தன. கோத்த மணிபோல, அவசரமே இல்லாமல்.

சொன்னால் திரும்பவும் முதலிலிருந்து. நாளை சனிக்கிழமை. இன்னொரு ஆள் வந்து வெட்டுவான், இவர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்வார். சொல்லாவிட்டால், கசிகிற பெட்ரோலின்மேல் ஏறி உட்கார்ந்திருப்பார். அவளுக்கு இரண்டுமே ஆகாது.

"இல்லை," என்றாள்.

அவர்கள் கையலம்பப் போனதும் மூடியைத் துடைத்துப் பார்த்தாள். நடுவில் குழிந்த இடத்தில் ஓர் ஓட்டை. தையல் ஊசி போகும், அவ்வளவுதான். பசை டப்பாவில் மிச்சம் இருந்த கறுப்பை விரல் நுனியில் எடுத்து, அதன்மேல் அழுத்தித் தேய்த்தாள். மூடி வேறு ரகப் பிளாஸ்டிக். டேங்கில் ஒட்டவே ஒட்டாத பசை, மூடியில் அப்படி ஒட்டிக்கொண்டது. கறுப்பின்மேல் கறுப்பு. யாருக்கும் தெரியாது. இப்போது எதுவும் கசியாது என்று நினைத்தாள். அன்று நன்றாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை காலையில் மைதானத்தில் பனி நின்றது. வண்டி கிளம்பியபோது அதன் சக்கரங்கள் தெரியவில்லை. டிரைவர் மட்டும் பனியின்மேல் நேராக உட்கார்ந்துகொண்டு மிதந்து போனார். பின்னால் ஒரு கோடு விழுந்தது. அவர் வெட்டிய கோட்டில் ஒரு மயிரிழைகூடக் கோணல் இல்லை. பக்கத்துக் கோடும் அப்படியே. மைதானத்தில் யாரோ பச்சைத் தண்டவாளம் போடுவதுபோல் இருந்தது. கோடியில் போய்த் திரும்பும்போதுதான் கூத்து. ஒவ்வொரு தடவையும் நின்று, ஸ்டீரிங்கைச் சந்தேகமாகப் பார்த்து, பெரிய சட்டியைத் திருப்புவதுபோல இரண்டு கையாலும் திருப்பினார்.

"நான்தான் சொன்னேனே," என்றான் ரேடியோ.

விசில் தன் பிள்ளைகளோடு வேலியோரம் நின்றாள். "என்ன அழகா போறார் அக்கா!" என்றாள்.

அவர் மனைவி சமையலறைக்குப் போகவே இல்லை. கோட்டோரத்தில் நின்று, வண்டி போகிற பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டிருந்தாள். எஞ்சின் சத்தம் கிட்டே வந்து, எட்டிப் போய், கிட்டே வந்தது. வெட்டிய புல்லின் வாசனையில் கண் சொருகியது. அவளுக்கு என்னென்னவோ ஞாபகம் வந்தது. கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, இதே மாதிரி ஒரு காலையில், அவர் ஓட்டிக்கொண்டு வருகிற வண்டியைப் பார்ப்பதற்காக ரயில்வே கேட்டருகில் நின்றது. அவர் கையைக்கூட ஆட்டமாட்டார், சிக்னலைத்தான் பார்ப்பார். ஆனால் கேட்டைத் தாண்டியதும் ஹாரன் ஒருமுறை கூடுதலாகக் கத்தும்.

அப்போதுதான் சத்தம் மாறியது.

முதலில் கொட்டாவி விடுவதுபோல ஓர் இழுப்பு. பிறகு தாழ்ந்து, தாழ்ந்து, பேசிக்கொண்டே இருந்தவர் தூங்கிப்போவதுபோல வண்டி நின்றது. மைதானத்தில் திடீரென்று குருவிச் சத்தம் கேட்டது.

ரேடியோ ஓடினான். ஒட்டைத் தடவிப் பார்த்தான். காய்ந்திருந்தது. பிளக்கைக் கழற்றினான், துடைத்தான், மாட்டினான். அதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அவன் தன்னால்தான் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் கொட்டாவி, மறுபடியும் தூக்கம். காத்திருந்தால் எழுந்தது. ஓடினால் தூங்கியது.

பனி போய், வெயில் ஏறி, வெயில் சாயவும் தொடங்கிவிட்டது. மைதானத்தில் பாதிதான் ஆகியிருந்தது. ரேடியோ பேச்சை நிறுத்தியிருந்தான். அவன் பேசாமல் இருப்பது எல்லோரையும் பயமுறுத்தியது.

"பெட்ரோல் இருக்குல்ல?" என்றாள் விசில்.

"பாதி டேங்க் இருக்கு."

விசில் அவள் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் கேட்டாள்: "அக்கா, தப்பா நினைக்காதீங்க. சார் ஓட்டறப்ப கண்ணசந்துடறாரா? வயசான காலத்துல... கால் தானா எடுபட்டா வண்டி நின்னுடும்ல."

தணிந்த குரல்தான். ஆனால் எஞ்சின் நின்ற மைதானத்தில் அது நன்றாகக் கேட்டது. டிரைவர் சீட்டில் அப்படியே உட்கார்ந்திருந்தார். இறங்கவில்லை. இரண்டு கையும் ஸ்டீரிங்கில் இருந்தன. முகம் மட்டும், மத்தியானக் கனவில் வண்டி நிற்கும்போது சுருங்குமே, அப்படிச் சுருங்கியது.

"என் புருஷன் ராத்திரி பகலா வண்டி ஓட்டினவர்," என்றாள் அவள் சத்தமாக. "தூக்கத்துல கூட அவர் தூங்கறதில்லை."

சொல்லிவிட்டுப் புல்லில் மண்டியிட்டாள். ஒட்டு விட்டுப்போயிருக்குமோ என்று அவளே பார்க்க வேண்டும்போல் இருந்தது. விடவில்லை. ஆனால் டேங்க்தான் ஒரு மாதிரி இருந்தது. நேற்றுத் தொட்டியில் அமுக்கியபோது உப்பலாக இருந்த அதன் இரண்டு பக்கமும் உள்வாங்கியிருந்தன. சாப்பிடாத ஆளின் கன்னம்போல. எதையோ உறிஞ்சி உறிஞ்சி, கிடைக்காமல், இன்னும் உறிஞ்சிக்கொண்டிருக்கிற வாய்போல.

"என்னங்க, இது ஏன் இப்படிக் கன்னம் ஒட்டிக் கிடக்கு?"

"எது?"

பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கத்தான் மூடியில் கை வைத்தாள். இறுகியிருந்தது. முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினாள்.

உஸ்ஸ்ஸ் என்று காற்று உள்ளே போயிற்று. தண்ணீருக்கடியிலிருந்து தலையைத் தூக்கினவன் இழுக்கிற மூச்சு. டொப் என்று ஒரு கன்னம் உப்பியது. டொப் என்று இன்னொன்று.

அவள் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள்.

"என்னக்கா சத்தம் அது?" என்றான் ரேடியோ.

"டேய், எண்ணெய் டின்னுல ஒரு ஓட்டை போட்டா எண்ணெய் வருமாடா?"

"எண்ணெயா? இப்ப எதுக்கு எண்ணெய்?"

"வருமா?"

"வராது. கொளக் கொளக்குனு நின்னுடும். எதிர்ப்பக்கம் இன்னொண்ணு குத்தணும். ஒண்ணு எண்ணெய்க்கு, ஒண்ணு காத்து..." ரேடியோ நிறுத்தினான். அவள் கையிலிருந்த மூடியைப் பார்த்தான். "அக்கா, மூடியில ஓட்டை இருக்கணுமே. எங்கே?"

"இருந்துச்சு. நான்தான் அடைச்சேன்."

விசில் எதற்கென்று இல்லாமல் விசிலைக் கையில் எடுத்து மறுபடியும் விட்டாள்.

"தொட்டியில அமுக்கறப்ப குமிழி வந்துச்சு," என்றாள் அவள், டிரைவரைப் பார்க்காமல். "ஓட்டைன்னு நினைச்சேன். பெட்ரோல் மேல உட்கார்ந்து போறீங்களேன்னு... உன் பசைதாண்டா தம்பி. இதுல மட்டும் நல்லா பிடிச்சுக்கிச்சு."

"நான் அன்னிக்கே சொன்னேன், அருமையான பசைன்னு," என்றான் ரேடியோ. சிரிக்கலாமா கூடாதா என்று மாமாவைப் பார்த்தான்.

டிரைவர் சீட்டிலிருந்து திரும்பி அவளை வெகுநேரம் பார்த்தார்.

"மூச்சு விட வழியில்லாம அடைச்சு வெச்சிட்டியேம்மா," என்றார். குரலில் கோபம் இல்லை.

"நல்லதுன்னு நினைச்சுத்தாங்க அடைச்சேன்."

"டேங்கைத்தான் சொன்னேன்."

"நானும் டேங்கைத்தான் சொல்றேன்."

சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். மூடியின் குழியில் அதன் நுனியை வைத்துக் குத்தினாள். ரப்பர்போல இழுபட்டு, ஒரு சிறு கறுப்பு உருண்டையாகப் பசை வெளியே வந்தது. மூடியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாள். ஒரு பொட்டு வானம் தெரிந்தது. வாயில் வைத்து ஊதிப் பார்த்துவிட்டு, பெட்ரோல் வாசனையில் முகத்தைச் சுளித்துக்கொண்டே டேங்கில் திருகினாள்.

எஞ்சின் முதல் இழுப்பிலேயே எழுந்தது.

டிரைவர் உடனே கிளம்பவில்லை. எதிரே பார்த்தார். மைதானத்தின் அந்தக் கோடியில் மரங்கள் இருந்தன, அவற்றுக்கு இடையில் சாய்ந்த வெயில் வழிந்துகொண்டிருந்தது.

"பச்சை," என்றார்.

சொல்லிவிட்டுக் காத்திருந்தார், பழக்க தோஷம். ரேடியோ சாமான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். விசிலுக்கு ஒன்றும் புரியவில்லை.

"பச்சை," என்றாள் அவள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. சிக்னலைப் பார்க்கிறவர் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆனால் அவர் பின்கழுத்து சிரித்தது. அது அவளுக்குத் தெரியும்.

வண்டி போயிற்று, வந்தது. கொட்டாவி இல்லை, தூக்கம் இல்லை. வந்து திரும்புகிறபோதெல்லாம் ஒரு பச்சை, அதற்கு ஒரு பச்சை. முதலில் கூச்சமாக இருந்தது அவளுக்கு. பிறகு வாய் தானாகச் சொன்னது. வேலியோரத்துப் பெண் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள், மைதானமே பச்சை பச்சை என்று கத்தியது. கோடுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விழுந்து, கடைசியில் மரங்களுக்குப் பின்னால் இருந்த அந்தத் துண்டு மட்டும் மிச்சம் நின்றது. வெயில் சிவந்துவிட்டிருந்தது.

வண்டி அவள் முன்னால் வந்து நின்றது.

"மச்சானைக் கூப்பிடு. அந்தத் துண்டு அவன்தானே," என்றார் டிரைவர். இறங்குவதற்குக் காலைத் தூக்கினார்.

ரேடியோ கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். அவள் அவன் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"இவன் போனா இவன் கோட்டுல கோணல் வரும். நாளைக்குப் பிள்ளைங்க விளையாட வேண்டாமா? நீங்களே போயிட்டு வாங்க."

"ஜன்னல்ல தெரியாதே."

"தெரியாட்டிப் போகுது."

டிரைவர் தூக்கின காலை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

வண்டி மரங்களை நோக்கிப் போயிற்று. முதலில் சக்கரம் மறைந்தது, பிறகு ரோஸ் நிறம், பிறகு அவர் முதுகு. சத்தம் மட்டும் இருந்தது. அவள் வெட்டிய புல்லில் காலை நீட்டி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் கையை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டாள். புல் கதகதப்பாக இருந்தது. தரைக்குள்ளிருந்து அந்தச் சத்தம் காதுக்கு வந்தது. அந்தக் காலத்தில், கட்டிலில் படுத்தபடி, தூரத்து ரயிலைக் கேட்டுக்கொண்டே தூங்கியதுபோல. அதில் இருக்கிறார். போகிறார். வருவார்.

சத்தம் நின்றது.

விசில் எழுந்துவிட்டாள். "அக்கா, நின்னுடுச்சு! அக்கா!"

ரேடியோ ஓடப் புறப்பட்டான்.

"உட்காருடா," என்றாள் அவள், கண்ணைத் திறக்காமல். "அங்க ஒரு வளைவு இருக்கு. இறங்கி நின்னு யோசிச்சிட்டிருப்பார். இல்லைன்னா மரத்தைப் பார்ப்பார்."

"அக்கா, தூங்கறியா?"

மரங்களுக்குப் பின்னால் எஞ்சின் மறுபடியும் இழுத்துக்கொண்டு எழுந்தது. அந்தச் சத்தத்துக்கு மேல், அவ்வளவு தூரத்திலிருந்து யாரும் எதுவும் சொன்னது கேட்டிருக்க முடியாது. ஆனாலும் அவள் உதடு அசைந்ததை ரேடியோ பார்த்தான்.

"பச்சை," என்றாள் தூக்கத்தில்.